கரிக்காத கண்ணீர்

ஜெசிந்தா தன் புருஷனை விட்டுப் போய்விடுவது என்று முடிவெடுத்த அதே வாரத்தில்தான், தருவைக்கரைப் பங்கு மண்டபத்தின் வெள்ளைத் திரையில் அவன் அழ ஆரம்பித்தான்.

தருவைக்கரைக்கு மூன்று பக்கமும் உப்பளம், நாலாவது பக்கம் கடல். அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் கரிப்புத் தண்ணீர்தான் வரும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகத் திரிந்துவிடும், கோயில் வாசலில் நட்டுவைக்கிற வேப்பங்கன்றுகள் ஒவ்வொரு வருஷமும் கொஞ்ச நாள் வளருவதாகப் போக்குக் காட்டிவிட்டுக் கருகிப்போகும். நல்ல தண்ணீர் என்றால் அது லாரியில் வர வேண்டும். லாரி வந்தால் குடங்களோடு ஓட வேண்டும். ஓடினால் சண்டை போட வேண்டும். சண்டையில் ஜெயித்தவர்கள் வீட்டில் அன்றைக்குக் காப்பி ருசியாக இருக்கும். ஊரில் வயதானவர்களில் பாதிப் பேருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. மீதிப் பேர் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவில்லை.

அந்த ஊருக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் ஃபாதர் டெரன்ஸ், தெருத் தெருவாகக் கூடி நற்செய்தி வாசித்து ஆளுக்கொரு கருத்துச் சொல்லும் அன்பியக் கூட்டங்களுக்கு ஆள் வருவது நின்றுபோனதைப் பார்த்து, எல்லாத் தெருக்காரர்களையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பங்கு மண்டபத்தில் ஒன்றாக உட்காரவைத்துக் குறும்படம் போட ஆரம்பித்தார். படம் முடிந்ததும் ரெஜினா டீச்சர் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, "இந்தப் படத்து வழியா ஆண்டவர் உங்களுக்கு என்ன சொல்லுதாரு?" என்று கேட்பாள். முதலில் கூச்சப்பட்ட ஜனங்கள் போகப் போக அதில் தேறிவிட்டார்கள். ஒருத்தன் மழையில் நனைந்துகொண்டு போவதைக் காட்டினால் அது திருமுழுக்கு என்றார்கள். ஒரு நாய் பூட்டிய கதவின் முன்னால் படுத்திருந்தால் அது செபம் என்றார்கள். இரண்டு மாதத்தில் ஊரில் சைக்கிள் பஞ்சர் ஆனால்கூட அதில் ஆண்டவர் தனக்கு என்ன சொல்லுகிறார் என்று யோசித்துக்கொண்டே உருட்டிப் போகிற அளவுக்குப் பழகிவிட்டது.

ஜெசிந்தா ஒரு கூட்டம் விடாமல் வருவாள், ஒரு நாளும் வாய் திறக்க மாட்டாள். இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு நாள் முழுக்க ஓடு உரிக்கிறவளுக்கு, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதே போதுமான ஆறுதலாக இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் தன்னை அடிக்க மாட்டார்கள் என்பது இன்னொரு ஆறுதல். அவள் புருஷன் இன்னாசி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். தெருவில் பச்சைப் பிள்ளை என்று பேர் வாங்கியவன். யார் வீட்டுச் சாமானையும் ஒரு படி கூடுதலாகவே சுமந்து உள்ளே வைத்துக் கொடுப்பான். வீட்டுக் கதவைச் சாத்தியதும் கை வேறு பேசும். அந்த வாரம் அவள் மணிக்கட்டு வீங்கி, இறாலைப் பிடிக்க முடியாமல் போனபோது ரெஜினா டீச்சர்தான் பார்த்துவிட்டுக் கேட்டாள், டீச்சர்தான் கட்டுப்போடக் கூட்டிப்போனாள், டீச்சர்தான் சொன்னாள்.

"திண்டுக்கல்ல உன் தங்கச்சி இருக்காள்லா, அங்க போ. சாமியார்ட்ட நான் பேசுதேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடியட்டும், நானே உன்ன பஸ் ஏத்தி விடுதேன்."

அத்தனை வருஷத்தில் அவளிடம் போ என்று சொன்ன முதல் ஆள் ரெஜினா டீச்சர்தான். ஜெசிந்தா இரண்டு சேலையும் துண்டும் வைத்து ஒரு பையைக் கட்டி, டீச்சர் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கு ஃபாதர் போட்ட படம் தருவைக்கரையில் எடுத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கேமராவோடு வந்து உப்பளத்தில் எடுத்துப்போன படம், எங்கெங்கோ சுற்றி ஃபாதரின் கைக்கு வந்திருந்தது. படத்தில் பேச்சே கிடையாது. கொளுத்துகிற வெயிலில் பாத்தி வரப்பில் ஒருத்தி வெடித்த பாதங்களோடு உட்கார்ந்திருக்கிறாள். லோடு ஆட்டோவில் அந்த வழியாக வரும் ஒருவன் வண்டியை நிறுத்துகிறான். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கேனை எடுத்து அவள் கால்களில் ஊற்றி, உப்பைக் கழுவி, தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிடுகிறான். காலிக் கேனைக் கவிழ்த்துப் பார்க்கிறான். அப்புறம் நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறான். அவ்வளவுதான். அந்த ஒருவன் இன்னாசி.

மண்டபம் முழுக்க "நம்ம இன்னாசிலா!" என்று சலசலத்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னாசி வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான். ஜெசிந்தாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. பாதத்தில் வர்ணம் பூசிக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் காலில், சரியாக வரவில்லை சரியாக வரவில்லை என்று அந்தப் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தண்ணீரை ஊற்றவைத்ததில், கேன் கேனாகக் கொட்டிவிட்டு ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல், நாக்கு ஒட்ட வீட்டுக்கு வந்தான் இன்னாசி. லாரி வராத நாள் அது. குடம் காலி. தண்ணீர் இல்லை என்று அவள் சொன்னதற்கு, கையிலிருந்த வெறும் செம்பால் காதோடு சேர்த்து அடித்தான். அன்றிலிருந்து அந்தக் காதில் அவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

படத்தின் கடைசிக் காட்சியை, நிமிர்ந்து பார்க்கும் இன்னாசியின் முகத்தை, ஃபாதர் அப்படியே திரையில் நிறுத்திவைத்திருந்தார். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். அந்தக் கேன்தான் நம்முடைய ஆன்மா, ஊற்றினால்தான் அதற்கு மதிப்பு என்றார் கோயில் உபதேசியார். அந்தப் பெண்ணின் கால்கள்தான் திருச்சபை, நடந்து நடந்து வெடித்துப்போயிருக்கிறது என்றான் ஓர் இளைஞர் அணிப் பையன். கடைசியில் ரெஜினா டீச்சர், வழக்கமான தன் பாடம் நடத்துகிற குரலை விட்டுவிட்டு, புருஷனுக்குச் சிறுநீரகம் சுருங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் சொந்தக் குரலில் சொன்னாள்.

"தாகத்தோட இருக்கிறவன்தான் அடுத்தவங்களுக்குத் தண்ணி ஊத்த முடியும். தாகம்னா என்னன்னு அவனுக்குத்தான தெரியும்?"

அப்போது திரையிலிருந்த இன்னாசியின் கண்கள் நிறைந்தன. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கி, தாடையில் தயங்கி, திரையின் கீழ் விளிம்பைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒழுக்கு. யாரும் கத்தவில்லை. உபதேசியார், தரை வழுக்கிவிடும் என்று மாப் எடுத்துவரப் போனவர், திரும்பி வந்து குனிந்தபோது என்ன தோன்றியதோ, விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கரிக்கலயே," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு மண்டபம் மூச்சை நிறுத்தியது. அடுத்த நிமிஷம் ஜெசிந்தாவுக்குப் பக்கத்து வீட்டு சலேத்தக்கா வாசலைப் பார்த்து ஓடினாள், செருப்பைக்கூடப் போடாமல், குடம் எடுக்க.

அன்றைக்கு யாரும் ஜெசிந்தாவை பஸ் ஏற்றி விடவில்லை.

அந்தத் தண்ணீரின் சுபாவம் என்னவென்று ஊர் ஒரு வாரத்துக்குள் கற்றுக்கொண்டது. இன்னாசியின் முகத்தைத் திரையில் நிறுத்திவைத்து, படத்தின் உட்பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்வரை கண்ணீர் வரும். பேச்சு நின்றால் நின்றுவிடும். கிரிக்கெட்டோ கல்யாணச் சம்பந்தமோ பேசினால் சொட்டுக்கூட வராது. மனசிலிருந்து ஒரு அர்த்தம் வந்தால் குழாய் திறந்தது போல் கொட்டும். அடுத்தவர் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னால் நூலாக இறங்கும். அதற்குத் தக்கபடி ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. துணித் திரை பூசணம் பிடிக்கிறது என்று வெள்ளையடித்த தகரம் மாட்டினார்கள். தகரத்துக்குக் கீழே ஒரு தொட்டி கட்டிக் குழாய் வைத்தார்கள். காலையில் இளைஞர் அணி, மத்தியானம் மாதர் சங்கம், சாயங்காலம் உப்பளத் தொழிலாளர் என்று முறைபோட்டு, குடத்தை இடுப்பில் வைத்தபடியே ஆழ்ந்த கருத்துகளைப் பரிமாறிக்கொண்டார்கள். மளிகைக்கடை சுடலைமுத்து அண்ணாச்சி தயங்கித் தயங்கி வந்து, உட்கார்ந்திருக்கிறவள் அம்பாள், கால் கழுவுகிறவன் பக்தன் என்று சொல்லிப்பார்த்தார்; அதற்கும் தண்ணீர் வந்தது. கருவாட்டு ஏலக்காரர் காசிம் பாய், தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய தர்மம் இல்லை என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு இரண்டு கேன் நிரப்பிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதையே கட்டுரையாகக் கொடுத்தார்கள். ஆயர் இல்லத்திலிருந்து விசாரிக்க வந்த குழு, இதைப் பற்றி அவசரப்பட்டு எதுவும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டு, வண்டியின் பின்பக்கம் நிறையக் கேன்களோடு திரும்பிப்போனது. மண்டபத்தில் பருப்பு வேகவைத்துப் பார்த்தார்கள், குழைந்துபோனது. ரெஜினா டீச்சரின் புருஷனுக்குக் கால் வீக்கம் வடிந்தது.

இன்னாசிக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று கிடைத்தது. திரைக்குப் பக்கத்தில் அதில் அவன் உட்கார்ந்திருக்க, தண்ணீர் பிடித்தவர்கள் போகிற வழியில் அவன் கையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனார்கள். லோடு ஆட்டோவை வாடகைக்கு விட்டான். குடியை விட்டான், அது அவனே எதிர்பார்க்காதது. அடியை விடவில்லை. இத்தனை வருஷமும் குடிதான் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கு, அப்போதுதான் அது தெளிவாகத் தெரிந்தது.

ஒருநாள் அவன் கண்ணாடி முன்னால் நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, நான் அழுவேனா?" என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட குரல். "நீ பாத்திருக்கியா?"

"பாத்ததில்ல."

"எனக்கும் வரல. முக்கி முக்கிப் பாக்கேன், வரமாட்டேங்கு. அங்க மட்டும் எப்படி வருது?"

அவளுக்கு ஒரு நிமிஷம் அவன்மேல் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அதை அவன் சிரிப்பு என்று நினைத்தான். பக்கத்து வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். மறுநாள் காலையில் சலேத்தக்கா ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, ஜெசிந்தாவின் உதட்டைப் பார்த்தும் பார்க்காததுபோல், வாளியைக் கீழே வைத்தாள்.

"முகத்த நல்லாக் கழுவு. நம்ம இன்னாசித் தண்ணிதான். ஆறிப்போகும்."

ஜெசிந்தா ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சரின் புருஷன் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து, நிறம் திரும்பிய முகத்தோடு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"என் பைய எடுத்துட்டுப் போக வந்தேன், டீச்சர்."

"கொஞ்சம் பொறு ஜெசிந்தா."

"நீங்கதான் போகச் சொன்னீய."

"சொன்னேன். இல்லங்கல." டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு பாத்திரத்தை எடுத்து இன்னொரு பாத்திரத்துக்குள் வைத்தாள். "இப்ப நீ போனா ஜனங்க ஏன்னு கேப்பாங்க. ஏன்னு தெரிஞ்சா, அந்த முகத்தப் பாத்து எப்படிப் பேசுவாங்க? மனசுல இருந்து ஒரு வார்த்த வராது. தண்ணி நின்னுரும். எங்க வீட்டு சார டாக்டர் எப்படிப் பாத்து ஆச்சரியப்பட்டாரு தெரியுமா? இந்த ஊர்ல எத்தன சாரு இருக்காங்க? உன் ஒருத்திக்காக எல்லாரும் திரும்பக் கரிப்புத் தண்ணிக்குப் போகணுமா? நீயே சொல்லு."

ஜெசிந்தா பைக்காகக் கையை நீட்டினாள். டீச்சர் பையைக் கொடுத்தாள். ஆனால் ஜெசிந்தா பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் சலேத்தக்கா வந்தாள், உபதேசியார் வந்தார், மாதர் சங்கத்துப் பெண்கள் வந்தார்கள். யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. ஒருத்தி பையை வாங்கிக்கொண்டாள், வெயிலாக இருக்கிறதே என்று. இன்னொருத்தி குடை பிடித்தாள். பேசிக்கொண்டே, மகளே மகளே என்று முதுகைத் தடவிக்கொண்டே, திருவிழாவில் மாதா சுரூபத்தைக் கூட்டி வருவதுபோல் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சாயங்காலம் ஃபாதர் டெரன்ஸ் வந்தார். நல்ல மனுஷன். அவள் உதட்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. இன்னாசியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கண்டித்தார். போகும்போது அவளிடம், "உனக்காகச் செபிக்கிறேம்மா," என்றார். அவர் கையிலும் ஒரு கேன் இருந்தது. சாமியார் பங்களாவில் மோட்டார் பழுது.

அதற்கப்புறம் அவள் எங்கே நடந்தாலும் கூட ஒரு ஆள் நடந்தது.

வெயில் ஏற ஏற ஊருக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. அர்த்தம் தீர்ந்துபோக ஆரம்பித்தது. கேனைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. துண்டைப் பற்றி, வரப்பைப் பற்றி, ஆட்டோவின் முன்சக்கரத்தைப் பற்றி, அந்தப் பெண்ணின் காலிலிருந்து விழும் தண்ணீர் உப்பிலே விழுந்து கரைந்துபோவதைப் பற்றி, வானத்தில் ஓர் ஓரமாகத் தெரியும் ஒரு பறவையைப் பற்றிக்கூடச் சொல்லியாகிவிட்டது. ரெஜினா டீச்சர் ராத்திரி உட்கார்ந்து யோசித்துக் கருத்துகளைத் தயாரித்து, அதிகம் பேச வராதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினாள். இரவல் கருத்துக்குத் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து பேச்சாளர்களை அழைத்து வந்தார்கள். ஒரு பட்டிமன்ற நடுவர் ஒரு மணி நேரம் அடுக்குமொழியில் பேசியும் தொட்டியின் அடி நனையவில்லை. குடங்கள் மண்டபத்தைத் தாண்டி, கோயிலைச் சுற்றி, கடற்கரை வரைக்கும் வரிசையில் நின்றன. பழைய தண்ணீர் லாரி இந்த ஊருக்கு இனித் தேவையில்லை என்று நிறுத்தப்பட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ரெஜினா டீச்சரின் புருஷனுக்கு மறுபடியும் கால் வீங்கியது.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள், ஜெசிந்தா இதுவரைக்கும் பேசவே இல்லையே என்று.

டீச்சர்தான் வந்து கூப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, தூக்கம் இல்லாத முகம்.

"நீ அவரு பொஞ்சாதி. உனக்குத் தெரியாத அர்த்தமா? ஏதாவது ஒண்ணு சொல்லு ஜெசிந்தா. சின்னதா இருந்தாலும் பரவால்ல. மனசுல இருந்து வரணும், அவ்வளவுதான்."

"மனசுல இருந்தா?"

"ஆமா."

"சரி, டீச்சர்," என்றாள் ஜெசிந்தா.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடம் இல்லை. குடம், வாளி, அண்டா, பால் கேன், பெயிண்ட் டப்பா. கைப்பிடி நாற்காலியில் இன்னாசி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். தகரத்தில் அவன் முகம் வறண்டு கிடந்தது. ஜெசிந்தா எழுந்து முன்னால் வந்தாள். தான் சொல்லப்போவதைச் சொன்னால் இந்த முகத்தைப் பார்த்து இனி ஒருத்தரும் ஒரு வார்த்தையும் பேச முடியாது, தண்ணீர் அடியோடு நின்றுவிடும், ஊர் தன்னைக் கல்லால் அடித்தாலும் அடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது; நிற்கட்டும் என்றுதான் எழுந்தாள். அண்டாவின் விளிம்புகள்மேல் கைவைத்து நிற்கும் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவர்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தாள்.

"இந்தப் படம் எடுத்த அன்னைக்கு இவரு வீட்டுக்கு வந்ததச் சொல்லுதேன்," என்று ஆரம்பித்தாள். "நாள் பூரா அந்தப் பிள்ள காலுல தண்ணி ஊத்திட்டு, தொண்ட வறண்டு வந்தாரு. வீட்டுல தண்ணி இல்ல. லாரி வரல, நான் என்ன செய்ய? இல்லன்னு சொன்னேன். செம்பால அடிச்சாரு. இந்தக் காதுல. ரத்தம் வந்துது. வந்த ரத்தத்தக் கழுவவும் தண்ணி இல்ல. பாவாடையால துடச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுக்கு முன்னால அடிக்கலயான்னா, அடிச்சாரு. அதுக்குப் பின்னாலயும் அடிச்சாரு. நேத்தும் அடிச்சாரு. எனக்கு ஒரு பிள்ள வயித்துல தங்கிச்சு, நாலு மாசம். அதுவும் அப்படித்தான் போச்சு. இது எல்லாருக்கும் தெரியும். சலேத்தக்காவுக்குத் தெரியும், ஒரே சுவரு. டீச்சருக்குத் தெரியும். ஃபாதருக்குத் தெரியும். அந்தப் படத்துல அர்த்தம் ஒண்ணும் கிடையாது. ஊத்துன்னு சொன்னாங்க, ஊத்துனாரு. அதுக்குப் பிரியாணிப் பொட்டலம் குடுத்தாங்க. அவ்வளவுதான் அதுல இருக்கு."

நாற்காலியில் இன்னாசியின் கை இறுகியது.

செம்பு என்று அவள் சொன்னபோதே ஓர் ஓசை தொடங்கியிருந்தது, தூரத்தில் மழை வருவதுபோல; அவள் பேசப் பேச அது ஏறிக்கொண்டே வந்தது. அப்புறம் தகரத்தில் அந்த முகத்தின் இரண்டு கண்களும் உடைந்தன. இதுவரைக்கும் வந்ததெல்லாம் தண்ணீரே இல்லை என்று சொல்கிற மாதிரி கொட்டியது; தொட்டி நிமிஷத்தில் நிரம்பி வழிந்தது, குழாய் கழன்று விழுந்தது, முன்வரிசை நாற்காலிகள் மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஒரு கணம் எல்லாரும் வாயைப் பிளந்து நின்றார்கள். அடுத்த கணம் அண்டாவும் வாளியும் மோதும் சத்தத்தில் மண்டபம் கிடுகிடுத்தது. ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று மொண்டார்கள். அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாருமே உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார்கள், "பாவி மவளே, என்ன பாடு பட்டிருக்கா" என்று சொல்லிச் சொல்லி, அடுத்த குடத்தைப் பிடித்தார்கள். ஃபாதர் டெரன்ஸ் சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். இறுகியிருந்த இன்னாசியின் கை, ஜனங்களின் முகத்தையும் கொட்டுகிற தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்ததில் மெதுவாகத் தளர்ந்தது. அப்புறம் இரண்டு கையும் கூடியது. அப்புறம் தலை குனிந்தது.

ஜெசிந்தா பேச்சை நிறுத்தியிருந்தாள். தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ரெஜினா டீச்சர் ஒரு கையில் வாளியோடு, முகமெல்லாம் கண்ணீரோடு, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"ஜெசிந்தா, எங்கண்ணு, அந்தச் செம்பு விஷயத்த இன்னொரு தடவ சொல்லு. பின்னால உள்ளவங்களுக்கு இன்னும் நிரம்பல."

ஜெசிந்தா டீச்சரைப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று வாய் திறந்தவள், திட்டினாலும் தண்ணீர் வரும் என்று தோன்றியதால் மூடிக்கொண்டாள். திரும்பி, வாசலைப் பார்த்து நடந்தாள். சலேத்தக்காவைத் தாண்டிப் போனாள். அக்காவின் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். உபதேசியாரைத் தாண்டிப் போனாள். அவர் ஓர் அண்டாவின் ஒரு காதைப் பிடித்திருந்தார். மாதர் சங்கத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். யாருடைய கையும் காலியாக இல்லாததால் அன்றைக்கு அவளை யாரும் கூட்டிவர வரவில்லை. ஈரச் சேலையோடு, பை இல்லாமல், கண்டக்டர் ஒரு மாதிரி பார்க்க, அவள் சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

திண்டுக்கல்லில் தங்கச்சி ரோஸ்லின் வீட்டில் தங்கிக்கொண்டு ஜெசிந்தா ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். கை சூடாக இருப்பது எப்படி என்று அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பழைய ஊரைப் பற்றி அவள் பேசுவதில்லை, ரோஸ்லின் கேட்பதும் இல்லை. தோல் பதனிடும் ஊர் என்பதால் அங்கேயும் தண்ணீர் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை. அவள் அதைக் குறை சொல்லாமல் குடித்தாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒருநாள் மத்தியானம் சலேத்தக்கா போன் பண்ணினாள்.

"எப்படி இருக்க ஜெசிந்தா? இங்க எல்லாரும் உன்னத்தான் சொல்லிக்கிட்டிருக்கோம். இன்னாசி திருந்திட்டாரு. வாராவாரம் எந்திச்சு நின்னு அவரே சொல்லுதாரு, எம் பொஞ்சாதிய நான் அடிச்சிருக்கேன்னு. கேட்டா நெஞ்சு வெடிச்சிரும். தண்ணி என்னமா வருது தெரியுமா. செம்புன்னு சொல்லல, வெறுங்கைன்னு சொல்லுதாரு. ஒரே ஒரு தடவன்னு சொல்லுதாரு. ஒரே சுவரு, எனக்குத் தெரியாததா? அந்தப் பிள்ள விஷயத்தச் சொல்லல. அது எதுக்கு? அதெல்லாம் இல்லாமலே நல்லாத்தான் வருது."

ஜெசிந்தா போனை நல்ல காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு," என்று சலேத்தக்கா குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு நீ பேசுனப்ப வந்த தண்ணி ருசி இதுல இல்ல. எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. டீச்சரும் கேக்கச் சொன்னா. சாருக்கு முடியல, பாவம். ஒரு நாள் வந்துட்டுப் போயேன். ஒரே ஒரு தடவ சொன்னாப் போதும். போக வரச் செலவு நாங்க பாத்துக்கிடுதோம்."

"எக்கா," என்றாள் ஜெசிந்தா. "அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுதே."

"என்ன கேட்டுது?"

அந்தப் பக்கம் சலேத்தக்கா நிஜமாகவே யோசித்தாள். நல்ல மனசுக்காரி, பொய் சொல்லத் தெரியாதவள்.

"அன்னைக்கு எனக்கு மூணு பாத்திரம் மாத்த வேண்டியிருந்துச்சு பாத்துக்கோ. தண்ணி விழுந்த சத்தத்துல வார்த்த ஒண்ணும் சரியா விளங்கல ஜெசிந்தா," என்றாள். "ஆனா ரொம்ப அர்த்தமா இருந்துச்சு."